மூடப்படாத குறிச்சொல்

“ஆசிரியர் நேற்றுப் போட்டி முடிந்தது என்று சொன்னார்.” இந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் கொள்ளலாம். போட்டி நேற்று முடிந்தது என்பது ஒன்று. ஆசிரியர் இச்செய்தியை நேற்றுச் சொன்னார் என்பது மற்றொன்று. இந்த மயக்கம் எங்கிருந்து வருகிறது? ஒருவர் சொன்ன செய்தி எங்கே முடிகிறது என்பதைத் தமிழில் ‘என்று’ என்னும் சொல் காட்டிவிடுகிறது. அச்செய்தி எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டத்தான் தனிச்சொல் இல்லை. எழுத்தில் மேற்கோள் குறி அந்தக் குறையைத் தீர்க்கிறது. குறி ‘நேற்று’ என்பதற்கு முன்னால் விழுந்தால் ஒரு பொருள். பின்னால் விழுந்தால் வேறொரு பொருள்.

மேற்கோள் குறியே இல்லாமல் எழுதிய காலமும் இருந்தது. ஓலைச்சுவடிகளில் நிறுத்தற்குறிகள் இல்லை. மெய்யெழுத்துக்கு உரிய புள்ளிகூடப் பெரும்பாலும் இடப்படவில்லை. ஒரு சொல் எங்கே முடிகிறது, ஒரு பாடல் எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவரே தம் மொழியறிவைக் கொண்டு முடிவு செய்தார். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களுக்கு மூலம் எது, உரை எது என்று பிரித்தறிவதே பெரும்பணியாக இருந்தது. மனிதர் கருத்தை உணர்ந்து எல்லையைக் கண்டுபிடிப்பர்.

கணினி கருத்தை உணராது. ஓர் இணையப்பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எந்தச் சொல் தடித்த எழுத்தில் வரவேண்டும் என்பதையெல்லாம் யாராவது அதற்குச் சொல்லித் தர வேண்டும். தொடக்கத்தைச் சொன்னால் மட்டும் போதாது; முடிவையும் சொல்ல வேண்டும். இதற்காக உருவானதே எச்.டி.எம்.எல். எனப்படும் குறியீட்டு மொழி.

சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1991ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட குறிச்சொற்களின் பட்டியலில் 20-க்கும் குறைவான வகைகளே இருந்தன. இந்த எண்ணத்தை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1986ஆம் ஆண்டிலேயே அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டிருந்த எஸ்.ஜி.எம்.எல். என்னும் குறியீட்டு முறையிலிருந்து எடுத்துக்கொண்டார். அதற்கும் மூலம் அச்சகம்தான். கையெழுத்துப் படியை அச்சுக்கு அனுப்பும் முன்னர், “இது தலைப்பு”, “இது சாய்வெழுத்து” என்று பதிப்பாசிரியர்கள் தாளின் ஓரத்தில் குறித்துக் கொடுப்பார்கள். தாளின் ஓரத்தில் இருந்த குறி, இப்போது வரிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

குறிச்சொல்லைக் கோண அடைப்புக்குள் எழுதுவர். மூடும் குறிச்சொல்லில் மட்டும் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு இருக்கும். உண்மையான இணையப்பக்கத்தில் குறிச்சொற்கள் ஆங்கிலச் சுருக்கங்களாகவே எழுதப்படுகின்றன. பொருள் எளிதில் விளங்க வேண்டும் என்பதற்காக இப்பாடத்தில் அவை தமிழ்ப் பெயர்களோடு தரப்பட்டுள்ளன.

<பத்தி>பதிவுக்கு <தடிப்பு>வெள்ளிக்கிழமை</தடிப்பு> கடைசி நாள்.</பத்தி>

இவ்வரியில் ‘வெள்ளிக்கிழமை’ என்னும் சொல் மட்டும் தடித்த எழுத்தில் தோன்றும். தடிப்பு, பத்திக்குள் தொடங்கிப் பத்திக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பெரிய பெட்டிக்குள் சிறிய பெட்டியை வைத்து மூடுவதைப் போன்றது இது.

இனி, மூடும் குறிச்சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். எல்லா விடுபாடுகளும் ஒரே அளவு கேடு செய்வதில்லை. தடிப்பை மூடாவிட்டால், அடுத்தடுத்த பத்திகள் உட்படப் பக்கத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் தடித்துப் போகும். கண்ணில் பட்டதும் திருத்திவிடலாம். இணைப்பை மூடாவிட்டால், அடுத்த இணைப்பு வரும் வரையில் உள்ள சொற்களெல்லாம் சொடுக்கத்தக்க இணைப்பாக மாறிவிடும். உலாவியின் மேற்பட்டையில் தோன்றும் பக்கப் பெயரை மூடாவிட்டால் நிலைமை மோசம். அதன் பிறகு வரும் அனைத்தையும் உலாவி பக்கப் பெயரின் தொடர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளும். திரை வெறுமையாக இருக்கும். படிவத்தில் கருத்து எழுதுவதற்கான கட்டத்தை மூட மறந்தால், அதன் கீழே இருந்த ‘அனுப்பு’ பொத்தான் கட்டத்துக்குள் வெறும் எழுத்தாகப் போய் விழும். நிரப்பியவர் அனுப்ப வழியின்றித் திகைப்பார்.

தமிழ் இணையப்பக்கங்களுக்கு இவ்வகையில் தனியான ஒரு தொல்லை இருந்தது. இன்று கைப்பேசியில் தமிழைத் தட்டச்சு செய்யும் மாணவர்களுக்கு அது வியப்பாகத் தோன்றலாம். 1990களில் தமிழுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடு பரவலான பயன்பாட்டில் இல்லை. பல எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. ஆகையால், பக்கத்தை எழுதுபவர், “இங்கிருந்து இந்த எழுத்துருவைப் பயன்படுத்து” என்று ஒரு குறிச்சொல் இட்டு, தமிழ்ப் பகுதி முடிந்ததும் அதை மூட வேண்டியிருந்தது. மூட மறந்தால், அடுத்து வரும் ஆங்கிலப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகக் காட்சியளித்தன. அவசரப்பட்டு முன்னதாகவே மூடிவிட்டால், எஞ்சிய தமிழ் வரிகள் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறின.

அக்காலத்தில் சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றும் முயற்சியில் முன்னின்றார். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் தமிழில் தட்டச்சு செய்யப் பலருக்கு உதவியது. 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடு, பொதுவான குறியீடு தேவை என்ற பேச்சுக்கு வலுச்சேர்த்தது. பின்னர் ஒருங்குறி பரவியபோது தமிழ் எழுத்துகளுக்கும் ஆங்கில எழுத்துகளுக்கும் வெவ்வேறு எண்கள் கிடைத்தன. தமிழ் தமிழாகவும் ஆங்கிலம் ஆங்கிலமாகவும் நிற்க, எழுத்துருக் குறிச்சொல்லை நம்பியிருக்க வேண்டிய நிலை நீங்கியது.

எழுத்துருச் சிக்கல் தீர்ந்தாலும் மூடாத குறிச்சொற்கள் தீரவில்லை. அவற்றைக் கண்டதும் உலாவி என்ன செய்ய வேண்டும் என்பதில் நெடுங்காலம் ஒற்றுமை இருக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆகிய இரு உலாவிகள் போட்டியிட்டன. அட்டவணையை மூடும் குறிச்சொல் விடுபட்டிருந்தால், நெட்ஸ்கேப் அந்த அட்டவணையையே காட்டாது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ முடிவைத் தானே ஊகித்துக் காட்டிவிடும். அந்நாளில் முழுப்பக்கத்தையும் ஓர் அட்டவணைக்குள் அடக்கி எழுதுவது வழக்கம். அதனால், ஒருவர் தம் உலாவியில் பார்த்து மனநிறைவோடு வெளியிட்ட பக்கம் மற்றொருவருக்கு வெற்றுத் திரையாகத் தெரிந்தது. இரண்டில் எது நல்ல உலாவி? பார்ப்பவருக்கு ஊகித்துக் காட்டியதே நல்லது. எழுதியவருக்கோ, பிழையை முகத்துக்கு நேராகக் காட்டிய நெட்ஸ்கேப்பே உதவியாக இருந்தது.

பிழையைப் பொறுக்கவே கூடாது என்று வாதிட்டவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டு வெளிவந்த எக்ஸ்.எச்.டி.எம்.எல். கடுமையான விதிகளைக் கொண்டிருந்தது. அம்முறைப்படி முறையாக அனுப்பப்பட்ட பக்கத்தில் ஒரே ஒரு குறிச்சொல் மூடப்படாமல் இருந்தாலும் உலாவி பக்கத்துக்கு மாறாகப் பிழைச்செய்தியைக் காட்டும். ஒழுங்கை விரும்பியோர் இதை வரவேற்றனர். ஆனால், ஏற்கெனவே இணையத்தில் குவிந்திருந்த பிழையுள்ள பக்கங்களை என்ன செய்வது? ஒருவர் செய்த சிறு தவற்றுக்காகப் படிக்க வந்தவரைத் தண்டிப்பது முறையா? இத்தகைய கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்கவில்லை. 2004ஆம் ஆண்டு ஆப்பிள், மொசில்லா, ஆப்பரா ஆகிய நிறுவனங்களைச் சேர்ந்தோர் வேறொரு வழியில் செல்லத் தொடங்கினர். பிழையைத் தடுக்க முடியாது என்றால், பிழையைச் சமாளிக்கும் முறையையாவது எல்லா உலாவிகளுக்கும் ஒன்றாக்கிவிடலாம் என்பது அவர்களின் எண்ணம். அந்தப் பணியிலிருந்து பிறந்த எச்.டி.எம்.எல். 5 என்னும் பதிப்பு 2014ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வப் பரிந்துரையாக ஏற்கப்பட்டது. மூடாத குறிச்சொல்லைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் படிப்படியாக எழுதி வைக்கப்பட்டுள்ளது.

இதனால் பார்ப்பவருக்கு நன்மை விளைந்தது. எழுதுபவருக்கு ஓர் ஆபத்தும் விளைந்தது. முன்பு ஓர் உலாவி மறைத்த பிழையை இன்னோர் உலாவி காட்டிக்கொடுத்தது. இப்போது எல்லா உலாவிகளும் ஒன்றுபோலவே மறைக்கின்றன. ஆகவே, பக்கத்தைத் திரையில் பார்ப்பது மட்டுமே சரிபார்ப்பு ஆகாது.

சரிபார்க்கும் நிரல் எவ்வாறு வேலை செய்கிறது? திறக்கும் குறிச்சொற்களையும் மூடும் குறிச்சொற்களையும் எண்ணிப் பார்த்தால் போதும் என்று முதலில் தோன்றும். ஐந்து திறந்து நான்கு மூடினால் ஒன்று குறைகிறது, கணக்கு எளிதுதான். ஆனால், எண்ணிக்கை சரியாக இருந்தும் பிழை இருக்கலாம். தடிப்பைத் திறந்து, அதனுள் சாய்வைத் திறந்து, பிறகு தடிப்பை முதலில் மூடிச் சாய்வைப் பின்னர் மூடினால், எண்ணிக்கை ஒத்துப்போகும். உள்ளே இருக்கும் பெட்டியை மூடும் முன்பே வெளிப்பெட்டியை மூடிய கதைதான் அது.

அதனால் நிரல் எண்ணுவதில்லை, அடுக்குகிறது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். கடைசியாக வைத்த தட்டைத்தான் முதலில் எடுக்க முடியும். நிரலும் திறக்கும் குறிச்சொல் ஒவ்வொன்றையும் காணும்போது அதன் பெயரை ஓர் அடுக்கின்மேல் வைக்கிறது. மூடும் குறிச்சொல்லைக் கண்டால், அடுக்கின் உச்சியில் இருப்பது அதே பெயர்தானா என்று பார்க்கிறது. ஆம் என்றால் அதை எடுத்துவிடுகிறது. வேறு பெயர் இருந்தால் பிழை. பக்கம் முடிந்த பிறகும் அடுக்கில் ஏதேனும் மிஞ்சியிருந்தால் அதுவும் பிழை. தாளும் பென்சிலும் இருந்தால் மாணவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். சிறிய பக்கத்துக்குச் சில நிமிடங்களே பிடிக்கும்.

சில விதிவிலக்குகளை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். படம், வரிமுறிவு, கிடைக்கோடு ஆகியவற்றுக்கு உள்ளடக்கம் இல்லை. ஆதலால் அவற்றுக்கு மூடும் குறிச்சொல்லும் இல்லை. பத்திக்கும் பட்டியலின் உருப்படிக்கும் மூடும் குறிச்சொல்லை விட்டுவிடலாம் என்று விதியே இடம் தருகிறது. அடுத்த பத்தி தொடங்கும்போது முந்தியது தானாக முடிந்துவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்திக்குள் பட்டியல் வைக்க விதி இடம் தராது. யாரேனும் வைத்தால், பட்டியல் தொடங்கும் இடத்திலேயே பத்தி முடிந்ததாக உலாவி கொள்ளும். எழுதியவர் பின்னால் ஒழுங்காக இட்ட மூடும் குறிச்சொல், திறக்காத கதவை மூடப் போனதுபோல் தனியாக நிற்கும். சரிபார்ப்பு நிரல் அதைப் பிழை என்று சொல்லும்போது, “மூடியும் குறையா?” என்று அவர் குழம்புவார்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1994ஆம் ஆண்டு நிறுவிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, இத்தகைய சரிபார்ப்பு நிரல் ஒன்றை இலவசமாக வழங்கிவருகிறது. பக்கத்தின் முகவரியையோ குறிச்சொற்களையோ கொடுத்தால், அது பிழைகளை வரி எண்ணோடு பட்டியலிடும். விடுபட்ட ஒரு குறிச்சொல் பத்துப் பிழைச்செய்திகளுக்குக் காரணமாகலாம். எனவே, முதற்பிழையைத் திருத்திவிட்டு மீண்டும் சோதிப்பதே அறிவுடைமை. பட்டியலின் நீளத்தைக் கண்டு சோர்ந்துபோகத் தேவையில்லை.

வரி எண்ணை நம்புவதில்தான் கவனம் வேண்டும். இதற்கு ஒரு சூழலை எடுத்துக்கொள்ளலாம். ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் பேச்சுப்போட்டிக்காக ஓர் இணையப்பக்கத்தை உருவாக்குகிறது. நான்காம் படிவ மாணவியான கழகச் செயலாளர்தான் குறிச்சொற்களை எழுதுகிறார். பக்கத்தின் உச்சியில் மாவிலைத் தோரணப் படம் ஒன்று அழகுக்காக வைக்கப்பட்டுள்ளது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பி மென்பொருள் இந்த அலங்காரப் படத்தைப் பற்றிப் பேசி அவர்களின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று செயலாளர் நினைக்கிறார். அதனால், அப்படம் உள்ள பெட்டிக்கு, “இதைப் படிக்காதே” என்ற பண்பைச் சேர்க்கிறார். நல்ல எண்ணம்தான், அப்பண்பு இதற்காகவே எச்.டி.எம்.எல். பக்கங்களில் பயன்படுகிறது. அப்பெட்டிக்குள் இருக்கும் எதையும் திரைவாசிப்பி ஒலிக்காது.

வரி 1: <பெட்டி>
வரி 2: <தலைப்பு>பேச்சுப்போட்டி</தலைப்பு>
வரி 3: <பெட்டி படிக்காதே>
வரி 4: <படம் தோரணம்>
வரி 5: <பெட்டி>
வரி 6: <தலைப்பு>பதிவு செய்யும் முறை</தலைப்பு>
வரி 7: <பத்தி>வெள்ளிக்கிழமைக்குள் ஆசிரியரிடம் பெயர் தருக.</பத்தி>
வரி 8: </பெட்டி>
வரி 9: </பெட்டி>

நான்காம் வரிக்குப் பிறகு பெட்டியை மூடும் குறிச்சொல் விடுபட்டுவிட்டது. திரையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. தோரணம் மேலே இருக்கிறது; பதிவு விவரம் கீழே இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள்.

செயலாளர் கடமையுணர்வோடு சரிபார்ப்பு நிரலையும் இயக்குகிறார். நிரல் என்ன சொல்லும்? தட்டுகளை அடுக்கிப் பார்த்தால் விடை கிடைக்கும். முதல் வரியின் பெட்டி அடியில் இருக்கிறது. அதன்மேல் மூன்றாம் வரியின் பெட்டி. அதன்மேல் ஐந்தாம் வரியின் பெட்டி. எட்டாம் வரி, உச்சியில் உள்ள ஐந்தாம் வரிப் பெட்டியை மூடுகிறது. ஒன்பதாம் வரி, அடுத்து இருக்கும் மூன்றாம் வரிப் பெட்டியை மூடுகிறது. எழுதியவர் அதை முதல் வரிப் பெட்டிக்காக இட்டார் என்பது நிரலுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் பெயர் ‘பெட்டி’தான். கடைசியில் முதல் வரிப் பெட்டி மிஞ்சுகிறது. “வரி 1-இல் திறந்த பெட்டி மூடப்படவில்லை” என்று செய்தி வருகிறது. குற்றம் செய்தது மூன்றாம் வரி. மாட்டிக்கொண்டது முதல் வரி.

செயலாளர் செய்தியை அப்படியே நம்புகிறார். பத்தாம் வரியாக இன்னொரு மூடும் குறிச்சொல்லைச் சேர்க்கிறார். நிரல் இப்போது பிழை இல்லை என்கிறது. கணக்கும் சரி, அடுக்கும் சரி. ஆனால், பதிவு விவரம் இன்னும் “படிக்காதே” என்ற பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது.

அதே பள்ளியில் இரண்டாம் படிவத்தில் பயிலும் மாணவி ஒருவருக்குப் பார்வை இல்லை. பேச்சுப்போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்று அவர் பல வாரங்களாகக் காத்திருக்கிறார். என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பியின் துணையோடு பக்கத்தைத் திறக்கிறார். அம்மென்பொருளில் ‘எச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குச் செல்லலாம். முதல் முறை அழுத்தும்போது, “பேச்சுப்போட்டி” என்று ஒலிக்கிறது. மீண்டும் அழுத்தினால், அடுத்த தலைப்பு இல்லை என்கிறது. பக்கம் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை போலும் என்று அவர் காத்திருக்கிறார். திங்கள் போகிறது, செவ்வாயும் போகிறது. புதன்கிழமை ஓய்வு நேரத்தில் செயலாளரைத் தேடிச் செல்கிறார்.

“அக்கா, போட்டிக்கு எப்படிப் பெயர் கொடுப்பது என்று எப்போது போடுவீர்கள்?”

“போன வாரமே போட்டுவிட்டோமே, தங்கச்சி. நீ பார்க்கவில்லையா?” என்று கேட்ட பிறகே, தாம் என்ன கேட்டுவிட்டோம் என்பதைச் செயலாளர் உணர்கிறார். “மன்னித்துக்கொள். உனக்கு என்ன கேட்கிறது என்று எனக்கும் காட்டு.”

இருவரும் கணினிக்கூடத்தில் அமர்கின்றனர். திரையில் எல்லாம் தெரிகிறது. செவிப்பொறியில் தலைப்பு ஒன்று மட்டுமே கேட்கிறது. எங்கிருந்து ஒலி நிற்கிறது என்பதைக் கவனித்த தங்கைதான், “தலைப்புக்கு அடுத்து என்ன இருக்கிறது, அக்கா?” என்று கேட்கிறார். அடுத்து இருப்பது தோரணம். செயலாளர் மூன்றாம் வரியிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே கீழே வருகிறார். அந்தப் பெட்டி எங்கே முடிய வேண்டும் என்று தாம் எண்ணியிருந்தாரோ, அங்கே அது முடியவில்லை.

அவர் செய்ய வேண்டியது இரண்டு வேலைகள். நான்காம் வரிக்குப் பின் மூடும் குறிச்சொல்லைச் சேர்க்க வேண்டும். முன்பு சேர்த்த பத்தாம் வரியை நீக்கவும் வேண்டும். மறந்துவிட்டால், இம்முறை ஒரு குறிச்சொல் மிகுதியாகி வேறு பிழை வரும். அத்தோடு, ஒவ்வொரு பெட்டியின் உள்ளடக்கத்தையும் சில இடைவெளிகள் தள்ளி எழுதத் தொடங்குகிறார். இவ்வாறு எழுதினால், திறக்கும் குறிச்சொல்லும் அதற்குரிய மூடும் குறிச்சொல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். இடைவெளி கணினிக்குத் தேவையில்லை. உலாவி அதைப் பொருட்படுத்தவே மாட்டாது. பெட்டி எங்கே முடிய வேண்டும் என்று எழுதியவர் எண்ணினார் என்பதை மற்றவர்களுக்குக் காட்டுவது அந்த இடைவெளிதான்.

இத்தகைய பிழைகளைத் தானே திருத்தும் நிரல்களும் உள்ளன. டேவ் ராகெட் என்பவர் 1990களில் எழுதிய ‘டைடி’ அவற்றுள் பெயர்பெற்றது. பழைய பக்கங்களை மொத்தமாக ஒழுங்குபடுத்த அது பெரிதும் உதவியது. ஆனால், மேலே கண்ட பக்கத்தை அத்தகைய நிரலிடம் கொடுத்தால், அதுவும் மிஞ்சிய பெட்டியை இறுதியில் மூடிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும். தோரணம் எங்கே முடிகிறது, பதிவு விவரம் எங்கே தொடங்குகிறது என்பது குறிச்சொற்களில் எழுதப்படவில்லை. எழுதியவரின் மனத்தில்தான் இருந்தது.

திருத்திய பக்கத்தைச் செயலாளர் மீண்டும் திறக்கிறார். தங்கை ‘எச்’ விசையை இரண்டாம் முறை அழுத்துகிறார். “பதிவு செய்யும் முறை” என்று ஒலிக்கிறது. அதன் கீழே உள்ள பத்தியையும் கேட்டுவிட்டு, அவர் பெயர் கொடுக்க ஆசிரியரைத் தேடிப் புறப்படுகிறார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

பயிற்சி

கீழ்க்காணும் வரிகளைப் படித்து, தொடர்ந்துவரும் வினாக்களுக்கு விடை காண்க.

வரி 1: <பெட்டி>
வரி 2: <தலைப்பு>பரிசுகள்</தலைப்பு>
வரி 3: <பட்டியல்>
வரி 4: <உருப்படி>முதல் பரிசு: <தடிப்பு>வெற்றிக் கிண்ணம்</உருப்படி>
வரி 5: <உருப்படி>இரண்டாம் பரிசு: நூல்கள்</தடிப்பு></உருப்படி>
வரி 6: </பட்டியல்>
வரி 7: <படம் கிண்ணம்>
வரி 8: </பெட்டி>

1. திறக்கும் குறிச்சொற்களையும் மூடும் குறிச்சொற்களையும் பெயர் வாரியாக எண்ணுக. எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் பிழையைக் கண்டறிய முடிகிறதா?

2. தாளில் அடுக்கு வரைந்து ஒவ்வொரு வரியாகச் சோதித்துப் பார்க்க. எந்த வரியில் முதன்முதலாக அடுக்கு ஒத்துப்போகவில்லை? அப்போது உச்சியில் இருக்கும் பெயர் எது?

3. ஏழாம் வரிக்கு மூடும் குறிச்சொல் இல்லை. அது பிழையாகுமா? காரணம் கூறுக.

4. இதை எழுதியவர் எந்தச் சொற்களைத் தடித்த எழுத்தில் காட்ட விரும்பியிருப்பார்? உம் விடையை ஒரு நண்பரின் விடையோடு ஒப்பிடுக. இருவர் விடையும் வேறுபட்டால், குறிச்சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எது சரி என்று சொல்ல இயலுமா?